அல்கோன்குவின் பயணம்: பேட்டரியும் ஹீட்டரும்

எல்லோருக்கும் வணக்கம். கனடாவின் அல்கோன்குவின் பூங்காவில் வேனோடு தங்க நாம் எடுத்திருப்பது கரண்ட் இணைப்பு இல்லாத இடம். அக்டோபர் ராத்திரி அங்கே உறைநிலைக்குக் கீழே இறங்கும்.

வேன் ஹீட்டர் கேஸில் எரிந்தாலும், அதன் விசிறி ஓடுவது பேட்டரியில்தான். ஓடும்போது ஏழெட்டு ஆம்பியர் இழுக்கும். 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் தாராளமாகத் தொடலாம். எதுவும் ஓடாதபோது 12.2 வோல்ட் காட்டினால் பாதி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம், உடனே சார்ஜ் போடுங்கள். லித்தியம் வைத்திருப்பவர்கள் கவனம்: பேட்டரி உறைநிலைக்குக் கீழே குளிர்ந்து கிடக்கும்போது சார்ஜ் ஏற்றினால் கெட்டுவிடும்.

அப்புறம், குளிருக்காக கேஸ் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு தூங்குவது வேண்டவே வேண்டாம். அதிலிருந்து வரக்கூடிய கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவுக்கு வாசனையே கிடையாது. அந்த வாயு இருந்தால் எச்சரிக்கும் அலாரம், டெஸ்ட் பட்டனை அழுத்தும்போது கத்தினால் மட்டும் போதாது. பின்பக்கம் காலாவதித் தேதி இருக்கும், அதையும் பாருங்கள். தேதி முடிந்திருந்தால் புதிதாக வாங்கிக்கொண்டு வாருங்கள்.