மான் எந்த வழியாக வரும்: விஸ்கான்சினிலிருந்து சித்தப்பாவுக்கு

விரோக்வா, விஸ்கான்சின்
அக்டோபர் 24

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நாங்கள் நலம். சித்திக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போன வாரம் போனில், "அவ்வளவு பெரிய காட்டுல மான் எங்க வரும்னு எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டீர்கள். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை அது. இன்றைக்கு எனக்கு லீவு. அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

நம் ஊரில் மானைத் தொட்டால் ஜெயில். 1972இல் வந்த வனவிலங்குச் சட்டம் அப்படி, அது அங்கே தேவையும்கூட. இங்கே கதை வேறு. வெள்ளைவால் மான்கள் ஏராளம். இந்தத் தென்மேற்குப் பக்கத்தில் ஓநாய் அபூர்வம். மக்காச்சோளத்தையும் ஓக் கன்றுகளையும் மான்கள் மேய்ந்து தீர்க்கின்றன, சாலையில் கார்களில் மோதிச் சாகின்றன. அதனால் அரசாங்கமே லைசென்ஸ் கொடுத்து, காலம் வகுத்து வேட்டைக்கு விடுகிறது. துப்பாக்கி வேட்டைக்கான முக்கியமான காலம் 9 நாள். நவம்பர் கடைசியில் வரும் நன்றி நாளுக்கு முந்தின சனிக்கிழமை தொடங்கும். மாநிலம் முழுக்க 5 லட்சம் பேருக்கு மேல் காட்டுக்குப் போவார்கள். 1973 ஜனவரி 1ஆம் தேதியிலிருந்து பிறந்தவர்கள் பயிற்சி வகுப்பில் தேறினால்தான் பொதுவாக லைசென்ஸ் கிடைக்கும். நானும் முடித்துவிட்டுத்தான் துப்பாக்கியைக் கையில் எடுத்தேன்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். மானைத் தேடிப் போனால் மான் கிடைக்காது. மலையைப் படித்தால் கிடைக்கும். எங்களுக்கு வீடு வாடகைக்குக் கொடுத்திருக்கும் பண்ணைக்காரர் இதைத்தான் எனக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். எழுபதைத் தாண்டிய மனிதர், அந்தக் காட்டின் ஒவ்வொரு மடிப்பும் அவருக்குத் தெரியும். வேர்க்கடலைக் கொல்லைக்குப் பன்றி எந்த ஓடை வழியாக இறங்கும் என்று நீங்கள் நிலாக் காலத்தில் முன்கூட்டியே சொல்வீர்களே, அவர் பேசும்போதெல்லாம் எனக்கு உங்கள் ஞாபகம்தான்.

இந்த இடத்தின் அமைப்பை முதலில் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் இந்த நடுப்பகுதி பெரும்பாலும் சமவெளி. பனியுகத்தில் பனிப்பாறைகள் வந்து மேட்டைச் சிராய்த்து, பள்ளத்தை மண்ணால் நிரப்பிவிட்டுப் போயின. ஆனால் விஸ்கான்சினின் தென்மேற்கு மூலையையும் அதை ஒட்டிய பக்கத்து மாநிலங்களின் விளிம்பையும் கடைசிப் பனியுகத்தின் பனி தொடவே இல்லை. அதனால் இங்கே பழைய மலைகள் அப்படியே நிற்கின்றன. முகட்டுக்கும் பள்ளத்தாக்குக்கும் 400, 500 அடி இடைவெளி. முகட்டின் மேல் சோள வயல், சரிவில் ஓக் காடு, அடியில் ஓடை. நம் ஜவ்வாது மலையைவிட உயரம் குறைவுதான். ஆனால் மடிப்புகள் மிக நெருக்கம். பள்ளத்தாக்குகளில் கிக்கப்பூ என்று ஓர் ஆறு, அதைப் போல வளைந்து வளைந்து ஓடும் ஆற்றை நான் பார்த்ததே இல்லை. 1960களில் அதன் குறுக்கே அணை கட்டத் திட்டமிட்டு, சுமார் 140 குடும்பங்களைக் கிளப்பிவிட்டார்கள். 1975இல் பாதியில் வேலை நின்றுபோனது. அணையும் வரவில்லை, போன குடும்பங்களும் திரும்பவில்லை. அந்த நிலம் இப்போது 8,600 ஏக்கர் பொதுக் காடு. இந்தப் பக்கத்துப் பூர்வகுடிகளான ஹோ-சங்க் மக்களும் அதை நிர்வகிப்பதில் பங்கேற்கிறார்கள். அங்கேயும் வேட்டைக்குப் போகலாம். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அந்தக் குடும்பங்களை நினைத்து எனக்கு மனம் கனத்துப்போகும்.

காட்டுக்குப் போவதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து வரைபடத்தைப் பார்க்க வேண்டும். ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை எல்லாம் ஒரு கோட்டால் இணைத்து வரைந்த படம் அது. கோடுகள் நெருங்கி இருந்தால் செங்குத்தான சரிவு, விலகி இருந்தால் சமதளம். மேல் நோக்கிக் கூராக வளைந்தால் ஓடை, கீழ் நோக்கி நாக்கு மாதிரி நீண்டால் மலையின் மூக்கு. இரண்டு மேடுகளுக்கு நடுவே கோடுகள் இருபுறமும் விலகி நின்றால் அங்கே முகடு தாழ்ந்திருக்கிறது என்று பொருள். நாம் கணவாய் என்போமே, அதன் சின்ன வடிவம். இப்போது லேசர் வைத்து விமானத்திலிருந்து அளந்த படங்களும் கிடைக்கின்றன. அவற்றில் மரங்களையெல்லாம் நீக்கிவிட்டு வெறும் தரையைப் பார்க்கலாம். ஐம்பது வருடத்துக்கு முன் மரம் இழுத்த வண்டித்தடம்கூடத் தெரியும். மான் அந்தத் தடத்தை விடாது.

மானுக்கு இரண்டு விருப்பம். பலம் வீணாகக் கூடாது, யார் கண்ணிலும் படக் கூடாது. இந்த இரண்டும் ஒரே இடத்தில் கூடினால் அதுதான் நமக்கு வேண்டிய இடம். அந்தத் தாழ்ந்த முகட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்ததற்குப் போக மான் உச்சியில் ஏறி வானத்தை ஒட்டி நிற்காது. தாழ்ந்த இடமாகப் பார்த்து நழுவிவிடும். நவம்பர் தொடக்கத்தில், இணைசேரும் பருவத்தில், கிடாக்கள் பெட்டைகளைத் தேடிப் பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காக அலையும்போது இந்த வழியில் நடமாட்டம் அதிகம்.

ஓடையின் தலைப்பக்கம் இன்னொரு நல்ல இடம். மழை அரித்த ஆழமான பள்ளம் சரிவில் மேலேறி ஒரு புள்ளியில் முடியும். அந்தப் பள்ளத்தில் இறங்கி ஏறுவது மானுக்கும் சிரமம். அதனால் பள்ளத்தின் தலைப்பக்கத்தைச் சுற்றிக்கொண்டு போகும். மேலே வயல், கீழே பள்ளம், நடுவில் முப்பது நாற்பது கஜம் மரம். வேறு வழியே இல்லை. பண்ணைக்காரர் என்னை முதலில் கூட்டிப்போய்க் காட்டியது அப்படி ஓர் இடம்தான். அங்கே தரையில் மான் தடம் ஒற்றையடிப்பாதை போலப் பதிந்திருந்தது. பக்கத்து மரங்களில் கிடா கொம்பு உரசிப் பட்டை உரிந்திருந்தது. சரிவின் பாதியில் படிக்கட்டு மாதிரி ஒரு சமத் திட்டு ஓடினால் அதையும் விடக் கூடாது. அதன் மேல் வெள்ளை ஓக் இருந்தால் இன்னும் நல்லது. அதன் கொட்டையில் கசப்பு குறைவு, மான் அதைத்தான் முதலில் பொறுக்கும்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று உண்டு, காற்று. இதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதலாம், அவ்வளவு ஆசை எனக்கு. மானுக்குக் கண்ணைவிட மூக்குதான் காவல். இங்கே குளிர் வந்தால் பெரும்பாலும் வடமேற்குக் காற்று. அப்போது முகட்டின் தென்கிழக்குச் சரிவு காற்று மறைவு. கிடா அந்தச் சரிவின் மேல் மூன்றில் ஒரு பங்கில், முகட்டுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருக்கும். பின்னால் யார் வந்தாலும் முகட்டைத் தாண்டி வரும் காற்று வாசனையைக் கொண்டுவந்துவிடும். முன்னால் கீழே இருப்பதைக் கண் பார்த்துக்கொள்ளும். காலை வெயில் அந்தச் சரிவில்தான் முதலில் விழும். தரை சூடாகிக் காற்று மெல்ல மேலேறும். கீழே இருப்பதன் வாசனையும் அதோடு வந்துவிடும். ஒரே இடத்தில் படுத்துக்கொண்டு மேலும் கீழும் காவல் காக்கிறது சித்தப்பா! அதைப் புரிந்துகொண்ட நாளிலிருந்து எனக்கு அந்தப் பிராணிமேல் மரியாதை பல மடங்கு கூடிவிட்டது.

சாயங்காலம் இது தலைகீழ். வெயில் இறங்கியதும் குளிர்ந்த காற்று, மடை திறந்த தண்ணீர் மாதிரி, ஓடை வழியே கீழே வழியும். அதனால் காலையில் மானுக்கு மேலே உட்கார வேண்டும், மாலையில் கீழே. பள்ளத்தாக்கின் அடியில் மட்டும் காற்று சுழன்றுகொண்டே இருக்கும், எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. நல்ல தடம் இருந்தாலும் அங்கே நான் உட்காருவதில்லை. படுக்கும் இடத்துக்குள்ளும் போகக் கூடாது. ஒரு முறை கலைந்தால் கிடா வேறு முகட்டைப் பார்த்துக்கொள்ளும். இருட்டிலேயே ஓடைத் தண்ணீருக்குள் நடந்து போய், வழித்தடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, காற்று மானிடமிருந்து நம் பக்கம் வீசும்படி அமர வேண்டும்.

இன்னொரு விஷயமும் இந்த மலையில் உண்டு. முதல் நாள் விடிந்ததும் எல்லோரும் சாலையிலிருந்து ஏறி வருவார்கள். மான் உடனே செங்குத்தான பக்கம் ஒதுங்கும். அதனால் மனிதர் எங்கே வண்டி நிறுத்துவார், எவ்வளவு தூரம் நடப்பார் என்பதையும் வரைபடத்தில் பார்ப்பேன். அவர்களுக்கு எதிர்ப்புறம், யாரும் ஏற விரும்பாத சரிவின் தாழ்ந்த முகட்டில் காத்திருப்பேன்.

நீங்கள் பயப்படுவீர்கள் என்று தெரியும். பளிச்சென்ற ஆரஞ்சு நிறச் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டுதான் போவேன். மனிதர் கண்ணுக்கு எரியும் அந்த நிறம் மானுக்கு அப்படித் தெரியாது. முகட்டில் வானம் பின்னணியாக நிற்கும் மானைச் சுடவே மாட்டேன், அந்தப் பக்கம் யார் இருக்கிறார் என்று தெரியாதே. பின்னால் மண் சரிவு இருந்தால்தான் விசையைத் தொடுவேன். அப்புறம், 2002இல் இந்த மாநிலத்து மான்களில் மூளையைத் தின்னும் ஒரு நோயைக் கண்டுபிடித்தார்கள். அது பரவக் கூடாது என்று இந்தப் பக்கத்து மாவட்டங்களில் சோளத்தைக் கொட்டி மானை வரவழைப்பதற்குத் தடை இருக்கிறது. எனக்கு அது சரியென்றே படுகிறது. தீனி வைத்து வரவழைத்தால் மலையைப் படிக்க என்ன இருக்கிறது? தலையைச் சோதனைக்குக் கொடுத்து, முடிவு வந்த பிறகே நாங்கள் கறியைச் சமைப்போம். மிளகும் சோம்பும் தட்டிப் போட்டு என் கணவர் வைக்கிற வறுவலைப் பண்ணைக்காரர் வீட்டுக்கும் கொடுத்தனுப்புவோம்.

போன வருடம் எடுத்த பெட்டை மானின் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் பேசாமல் இருந்தேன். சந்தோஷமும் வருத்தமும் சேர்ந்தே இருந்தது. இரண்டையும் உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

எங்கள் முகட்டின் வரைபட நகல் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். சிவப்புப் புள்ளி எங்கள் வீடு, பச்சை போட்டது காடு, அம்புக்குறி வடமேற்குக் காற்று. வேறு எதையும் வேண்டுமென்றே குறிக்கவில்லை. காலையில் நீங்கள் எங்கே உட்காருவீர்கள், மாலையில் எங்கே என்று பேனாவால் சுழித்து, தம்பியிடம் கொடுத்துப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நவம்பர் மூன்றாம் வாரத்துக்குள் வந்தால் அங்கே போய்ப் பார்த்துவிடுவேன்.

அம்மாவுக்கும் சித்திக்கும் என் அன்பு.

உங்கள் மகள்,
செல்வி