ஃபேன் காத்துல ஆடுற போயிங்

டேய் ரவி,

எப்படிடா இருக்க? அங்க குளிர் ஆரம்பிச்சிருக்கும். இங்க நவம்பர் வந்தும் மழை ஒழுங்கா பெய்யல, வேர்வை மட்டும் ஊத்துது. அம்மாவுக்கு முட்டி வலி இப்போ பரவால்ல, தெருமுனை பிள்ளையார் கோயில் வரைக்கும் நடந்து போயிட்டு வர்றாங்க, உன்னையும் விசாரிச்சாங்க. சின்னவ வேலை கிடைச்சு பெங்களூர் போயிட்டா. அவ ரூம் காலியாச்சு, இந்தக் கடுதாசிக்கு காரணமே அதுதான்.

ஆமாடா, ரொம்ப நாளா சொல்லிட்டிருந்த குட்டி ட்ரெயின் மாடல் லேஅவுட்ட, தண்டவாளம், ஸ்டேஷன் எல்லாத்தோடயும், போட்டுட்டேன். எட்டடி நீளம், ரெண்டடி அகலம், சுவத்த ஒட்டி மேஜை மாதிரி. என்ன ஸ்டேஷன்னு கேக்கவே வேணாம், மீனம்பாக்கம் ஏர்போர்ட் பக்கத்துல இருக்கற நம்ம பழவந்தாங்கல்தான். 2004ல மீட்டர் கேஜ் எலக்ட்ரிக் ட்ரெயின நிறுத்துனாங்கல்ல, அதுக்கு ரொம்ப முந்தி, நாம ஸ்கூல் பையோட ஃபுட்போர்டுல தொங்குன காலம், 84, 85ன்னு வச்சுக்க. ஸ்கேல் எச்ஓ, அதாவது 1:87, நிஜத்துல 87ல ஒரு பங்கு. மீட்டர் கேஜுன்னா ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல 1000 மில்லிமீட்டர், 87ஆல வகுத்தா பதினொன்னரை வரும், ரெடிமேடா கிடைக்கறது 12 மில்லி ட்ராக், அந்த அரை மில்லிய எவன் ஸ்கேல் வச்சு பாக்கப்போறான். பெட்டியெல்லாம் பிளாஸ்டிக் ஷீட்ட வெட்டி நானே ஒட்டுனது, ஜன்னல் கம்பி வைக்கறதுக்குள்ள கண்ணு போயிடுச்சு.

ட்ரெயின் நல்லாத்தான் ஓடுது. ஆனா ரெண்டு வாரம் பாத்துட்டு ஏதோ உப்பில்லாத மாதிரியே இருந்துச்சு. அப்புறம்தான் புரிஞ்சுது, அந்த பிளாட்ஃபார்ம்ல நின்னவன் எவன்டா ட்ரெயின மட்டும் பாத்தான்? தலைக்கு மேல பிளேன் எறங்கும், பேசிட்டிருக்கறவன் பாதி வார்த்தையில நிறுத்திடுவான், சத்தம் போனதும் விட்ட எடத்துலேர்ந்து ஒண்ணுமே நடக்காத மாதிரி பேசுவான். நீ அந்த கேப்புலதான் என் கடலைய எடுத்துத் தின்னுவ. சரி, மேல பிளேன் வேணும்னு முடிவு பண்ணேன்.

கையில ஏற்கனவே ஒரு டகோட்டா மாடல் இருந்துச்சு, அந்தக் காலத்து ப்ரொப்பல்லர் பிளேன், 1:72. அது 84ல அங்க எறங்குச்சான்னு ஆரம்பிக்காத, இருந்தது அதுதான். நிஜ டகோட்டா எறக்கை நுனிக்கு நுனி 29 மீட்டர், 72ஆல வகுத்தா 40 சென்டிமீட்டர். தொங்கவிட்டுப் பாத்தா ஸ்டேஷனுக்கு ஷாமியானா போட்ட மாதிரி இருக்கு. சரியா 1:87லயே வாங்கலாம்னா ஏர்லைனர் கிட் அந்த சைஸ்ல கிடைக்கறதே கஷ்டம், கிடைச்சாலும் போயிங் 737-200க்கு 33 சென்டிமீட்டர் வரும், அதுவும் பந்தல்தான். கடைசியில 1:144ல 737 கிட் ஒண்ணு வாங்கி ஒட்டுனேன், எறக்கை 20 சென்டிமீட்டர்கூட இல்ல. அத பின்சுவர் பக்கம் வச்சதும் டக்குனு செட் ஆயிடுச்சு. சின்னதா இருக்கறதால கண்ணு அத தூரத்துலன்னு எடுத்துக்குது. கணக்குப்படி தப்பு, பாக்க கரெக்ட்.

உயரத்துக்கும் கணக்கு போட்டேன், சிரிக்காத. எறங்குற பிளேன் 3 டிகிரி சரிவுல வரும், ரன்வேய தொடற எடத்துக்கு 1 கிலோமீட்டர் முன்னாடி அது சுமார் 52 மீட்டர் உயரத்துல இருக்கும். 87ஆல வகுத்தா 60 சென்டிமீட்டர். என் டேபிளே மூணரை அடி, அப்போ பிளேன் வந்து என் மூக்குக்கு நேரா நிக்குது! இதுவே 10 கிலோமீட்டர் உயரத்துல பறக்கற பிளேன்னா 115 மீட்டர் மேல தொங்கவிடணும், மாடி வீட்டுக்காரங்க ஒத்துக்க மாட்டாங்க. அதனால ஸ்டேஷன் மேல வைக்கணும்னா எறங்குற பிளேன், இல்லன்னா ஏறுற பிளேன், வேற வழியில்ல. எறங்குதுன்னா சக்கரம் வெளிய இருக்கணும், எறக்கைக்குப் பின்னால இருக்கற ஃப்ளாப் தகடும் எறங்கியிருக்கணும், ஆனா கிட்ல ஃப்ளாப் மூடுன மாதிரியே வார்த்திருக்கான், பிளேடால அறுத்து கீழ வளைச்சு ஒட்டுனேன். இன்னொண்ணு, எறங்குதேன்னு மூக்க கீழ சாய்ச்சு வச்சிருந்தேன், தப்பு. எறங்கும்போதும் மூக்கு லேசா மேலதான் இருக்கும், நாம எத்தனை தடவை பாத்திருக்கோம், மறந்தே போச்சு பாரு.

இப்போ சோகக் கதை. மீன் பிடிக்கற நைலான் நரம்புல ஒத்தக் கயிறா கட்டி சீலிங் கொக்கியில மாட்டுனேன். நம்ம வீட்ல ஃபேன் இல்லாம உக்கார முடியுமா? போட்ட உடனே போயிங் கிறுகிறுன்னு சுத்த ஆரம்பிச்சிடுச்சு. சரின்னு எறக்கைக்கு ஒண்ணு ஒண்ணு, வாலுக்கு ஒண்ணுன்னு மூணு கயிறு, மூணு தனித்தனி கொக்கி. சுத்தறது நின்னுச்சு, ஆடறது நிக்கல. ஒரு நாள் மத்தியானம் வீட்டுக்காரி ஃபேன அஞ்சுல வச்சுட்டு கூட்டியிருக்கா, வால் முடிச்சு அவுந்து பிளேன் தலைகீழா வந்து ட்ரெயின் மேலயே விழுந்துடுச்சு. முன்பெட்டி ஜன்னல் கம்பி மொத்தமும் போச்சு. பிளேனுக்கு ஒரு கீறல்கூட இல்ல! அவள ஒண்ணும் சொல்ல முடியாது, முடிச்சு போட்டது நான்தான்.

அப்போதான் நீ ஹாம்பர்க் போயிட்டு அனுப்புன வீடியோவ, அந்தப் பெரிய மாடல் ட்ரெயின் கண்காட்சி மினியேச்சர் வுண்டர்லேண்ட்ல எடுத்தத, திரும்பத் திரும்பப் பாத்தேன். ஆறு வருஷம் கட்டி, 35 லட்சம் யூரோ செலவு பண்ணி 2011ல திறந்த மாடல் ஏர்போர்ட், 150 சதுர மீட்டர், அத விடு. அவங்க பிளேன் மேல கிளம்பும்போது பாத்தியா, கயிறே கிடையாது, ரெண்டு மெல்லிசு கம்பிதான் தாங்குது, அப்படியே சுவத்துக்குள்ள போயிடுது. அவங்களுக்கு பிளேன் தரையில ட்ரக்கு, பஸ் பக்கத்துலயே ஓடுது, அதனால 1:87லயே செஞ்சாகணும், நம்மள மாதிரி ஏமாத்த முடியாது.

கம்பி ஐடியாவ அப்படியே சுட்டுட்டேன். 3 மில்லி கண்ணாடி மாதிரி அக்ரிலிக் ராடு, பின்சுவத்துல ஓட்டை போட்டு பிளேனோட நாம பாக்காத பக்கத்துல சொருகிட்டேன். ஃபேன் எவ்வளவு வேகமா சுத்துனாலும் அசையாது. ஆனா ட்யூப்லைட் போட்டா பின்னாடி பெயின்ட் பண்ண வானத்துல பிளேனோட நிழல் பளிச்சுன்னு விழுது, ஆகாசத்துல எங்கயாவது நிழல் விழுமாடா? எல்இடி பட்டிய பிளேனுக்கும் மேல, சுவத்த ஒட்டி மாத்துனேன். இப்போ நிழல் முன்பக்கமா கீழ விழுது, மங்கலா, பிளாட்ஃபார்ம்ல நிக்கற ஆளுங்க மேல. நேத்து ராத்திரி அதையே பாத்துட்டு உக்காந்திருந்தேன், சாப்பாடு ஆறிப்போச்சுன்னு திட்டு வாங்குனேன்.

வால்ல இன்னும் அந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஆரஞ்சு பெயின்ட் அடிக்கணும், ரெண்டு ஷேட் கலந்து பாத்தாச்சு, ஒண்ணு மாம்பழம், ஒண்ணு செங்கல். அடுத்து ஏர்பஸ் ஏ300 வேற வைக்கணும்னு ஆசை, ஆனா 1:144லயே 31 சென்டிமீட்டர் வருது, 1:200 தேடணும்.

நீ பிப்ரவரில வர்றப்போ பெட்டியில எடம் இருந்தா 12 மில்லி ஃப்ளெக்ஸ் ட்ராக், அதான் இஷ்டத்துக்கு வளைக்கற தண்டவாளம், ரெண்டு துண்டு போட்டுக்கிட்டு வா, காசு இங்க தரேன். அப்புறம் ஒண்ணு ஞாபகம் இருக்கா சொல்லு, நாம உக்கார்ற அந்த சிமெண்ட் பெஞ்சு டிக்கெட் கவுன்டருக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா? செஞ்சு வச்சிட்டேன், நீ சொல்ற வரைக்கும் ஒட்டல.

உன்
சேகர்