ஸ்மித் மீது விசாரிக்கப்பட்டது ஒரே கொலைதான்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு மலரில் வந்த 'குளியல் தொட்டி மணமகள்கள்' கட்டுரையில் ஒரு திருத்தம். இங்கிலாந்தில் கல்யாணம் செய்துகொண்ட பெண்களைப் பணத்துக்காகக் குளியல் தொட்டியில் மூழ்கடித்த ஜார்ஜ் ஜோசப் ஸ்மித் மூன்று கொலைகளுக்காகத் தூக்கிலிடப்பட்டான் என்பது சரியல்ல. 1915 ஜூனில் லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றம் விசாரித்தது பெஸ்ஸி மண்டி கொலையை மட்டுமே. அவன் மணந்த மற்ற இருவரான ஆலிஸ் பர்ன்ஹாம், மார்கரெட் லாஃப்டி ஆகியோரின் சாவும் அதற்குச் சாட்சியமாகத்தான் உள்ளே வந்தன.

அவன் கண்களின் வசியத்துக்கு அரைப் பத்தி ஒதுக்கிய கட்டுரை, பணக் கணக்கை விட்டுவிட்டது. பெஸ்ஸிக்குத் தகப்பனார் வைத்துப்போன சுமார் 2,500 பவுண்டு டிரஸ்டில் இருந்தது. மாதம் 8 பவுண்டு வரும். அசலில் புருஷன் கைவைக்க முடியாது. அவள் உயில் எழுதிவைத்து இறந்தால்தான் அசல் கிடைக்கும் என்று 1912 ஜூலை 2-ம் தேதி வக்கீல் கருத்து வந்தது. 8-ம் தேதி இருவரும் பரஸ்பரம் உயில் எழுதினார்கள். மறுநாள் அவர்கள் குடியிருந்த ஹெர்ன் பே ஊரில் ஒரு கடையில் 2 பவுண்டு சொன்ன குளியல் தொட்டியை அரை கிரவுன் (பவுண்டில் எட்டில் ஒரு பங்கு) குறைத்துப் பேசி முடித்தான். 10-ம் தேதி மனைவிக்கு வலிப்பு என்று டாக்டரிடம் கூட்டிப்போனான். 13-ம் தேதி அந்தத் தொட்டியில் அவள் பிணம். தொட்டி கடைக்கே திரும்பிப் போனது!

மற்ற இருவருக்கும் டிரஸ்ட் கிடையாது. 500, 700 பவுண்டுக்கு ஆயுள் காப்பீடு. லாஃப்டி இறந்தது கல்யாணத்துக்கு மறுநாள். அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்த ஆலிஸின் தகப்பனார், தன் மகள் செத்த விதமும் இதேதான் என்று கண்டுகொண்டார்.

பெஸ்ஸி வலிப்பு வந்து மூழ்கினாள் என்ற வாதம் ஏன் நிற்கவில்லை? வலிப்பின் தொடக்கத்தில் உடம்பு விறைத்து நீளும். 5 அடித் தொட்டியில் கால் எதிர்ப்பக்கம் முட்டி, தலை சாய்வில் மேலேறுமே தவிர நீருக்குள் போகாது. மருத்துவர் ஸ்பில்ஸ்பரி சொன்னதன் சாரம் இதுதான்.

மற்றச் சாவுகளைச் சாட்சியமாகச் சேர்க்கக் கூடாது என்று ஸ்மித்தின் வக்கீல் மார்ஷல் ஹால் வாதாடினார். நீதிபதி ஸ்க்ரட்டன் ஏற்கவில்லை, மேல்முறையீடும் தோற்றது. நம் நாட்டு இந்திய சாட்சியச் சட்டத்தில் இதற்கு இடம் முன்பே இருந்தது. அந்தச் சட்டம் வந்ததும் ஸ்மித் பிறந்ததும் ஒரே வருடம், 1872. குடியிருந்த வீடுகளையெல்லாம் ஒவ்வொன்றாகக் காப்பீடு செய்தவன், ஒவ்வொன்றும் தீப்பிடித்ததும் பணம் வாங்கினான் என்றால், தீ தற்செயலா என்று பார்க்க முந்தைய தீக்களையும் காட்டலாம் என்கிறது 15-ம் பிரிவின் முதல் எடுத்துக்காட்டு. இப்போது அது, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 13-ம் பிரிவு.

– ஓய்வுபெற்ற வழக்கறிஞர், திருச்சி