சித்திரை மாத கரண்ட் பில்லைக் கேளுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஞாயிறுதோறும் உங்கள் பத்திரிகையில் வரும் வீடு விற்பனை விளம்பரங்களை விடாமல் படிப்பவன் நான். வாங்குவதற்கு இல்லை. பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வண்டித்தாவளம் பக்கம் வயர்மேன் வேலை செய்கிறேன். வீடு கைமாறும்போது வயரிங் பார்க்கக் கூப்பிடுவார்கள். சதுர அடி, கார் நிறுத்த இடம், வாஸ்து எல்லாம் விளம்பரத்தில் இருக்கும். அந்த வீடு எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்று யாரும் போடுவதில்லை, வாங்குகிறவரும் கேட்பதில்லை. ஆதாரம் என்கிற கிரயப் பத்திரம், கரம் (நிலவரி) கட்டின ரசீது, வில்லங்கம் எல்லாம் துருவித் துருவிப் பார்க்கிறார்கள். கரண்ட் பில்லைப் பெயர் மாற்றத்துக்குத்தான் தேடுகிறார்கள்.

பில்லில் ரூபாயை விட்டுவிட்டு யூனிட்டைப் பாருங்கள். பொள்ளாச்சிப் பக்கமிருந்து வருகிறவர்கள் தமிழ்நாட்டின் இலவச யூனிட் கணக்கிலேயே இருப்பார்கள். கேரளத்தில் கணக்கு வேறு. இரண்டு மாத பில் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, முதல் யூனிட்டிலிருந்தே கூடுதல் விகிதம். வெயில் காலத்தில் ஒரு ஏ.சி. ஓடினாலே அந்த எல்லை கிட்ட வந்துவிடும். அதனால் மார்ச் முதல் மே வரையுள்ள பில்லையே கேளுங்கள். ஆடி மழைக்கால பில்லை நீட்டினால் மயங்க வேண்டாம். பில்லுக்குரிய மாதங்களில் எத்தனை பேர் குடியிருந்தார்கள் என்பதும் முக்கியம். துபாயில் இருப்பவர் பூட்டிப்போட்ட வீட்டுக்கு பில் எப்படிக் கூடும்? சோலார் இருந்தால், அது உற்பத்தி செய்த யூனிட்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மையான செலவு தெரியும்.

அப்புறம், புரோக்கர்கள் காலை பத்து மணிக்கே வீட்டைக் காட்டுகிறார்கள். அந்த நேரத்தில் எந்த வீடும் குளுகுளு என்றுதான் இருக்கும். கான்கிரீட் தளம் பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரிதான் கீழே இறக்கும். போன சித்திரையில் ஒரு தம்பதியை, "அண்ணா, நாளைக்கே அட்வான்ஸ்" என்று நின்றவர்களை, இரவு எட்டு மணிக்கு மறுபடி வரச் சொன்னேன். மாடிப் படுக்கையறையின் மேற்குச் சுவரில் அந்தப் பெண் உள்ளங்கையை வைத்தார், உடனே எடுத்துவிட்டார். நாலு அங்குலச் சுவர், வெளியே சன்ஷேட் இல்லை, மேலே தட்டோடும் பதிக்கவில்லை. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெள்ளை கூல் ரூஃப் பெயிண்டும் மாடிக்கு மேல் ஷீட் கூரையும் போட ஆகும் செலவை விலையில் குறைக்கச் சொன்னேன்; குறைத்தார்கள். ஷீட் போட்டாலும் பக்கவாட்டில் அடைக்காமல் காற்றுப் போக விட வேண்டும். நம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இருக்கும்போது அதைத் தடுப்பானேன்!

விற்பவர் ஐந்து ஸ்டார் ஏ.சி.யை விட்டுவிட்டுப் போகிறார் என்று மகிழ்கிறவர்களும் உண்டு. ஏ.சி.யை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். 75 வாட் பழைய ஃபேனைக் கழற்றி 30 வாட் சுமாருக்கு ஓடும் பி.எல்.டி.சி. ஃபேன் மாட்ட எனக்கு அரை மணி நேரம் போதும். வீட்டின் திசையை மாற்ற முடியாது.

இன்னொன்று, வீட்டில் எல்லா ஸ்விட்சையும் அணைத்து, ஃபிரிட்ஜ், இன்வர்ட்டரையும் துண்டித்துவிட்டு மீட்டரின் சிவப்பு விளக்கைக் கவனியுங்கள். அப்போதும் விட்டுவிட்டுச் சிமிட்டினால் எங்கோ கசிவு இருக்கிறது, இல்லை யாரோ லைன் இழுத்திருக்கிறார்கள். போர்வெல்லின் ஆழம், மோட்டார் எத்தனை எச்.பி., டேங்க் நிறைய எவ்வளவு நேரம் என்பதையும் கேளுங்கள். சித்தூர்ப் பக்கம் நிலத்தடி நீர் எவ்வளவு கீழே போய்விட்டது என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றரை எச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்டுக்கு மேல் போகும்.

இங்கிலாந்தில் வீடு விற்க, ஏ முதல் ஜி வரை தரம் குறித்த எரிசக்திச் சான்றிதழ் கட்டாயம். நம் நாட்டிலும் வீடுகளுக்கு ஸ்டார் லேபிள் திட்டத்தை மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பி.இ.இ. 2019-லேயே அறிவித்தது. நான் வேலைக்குப் போன வீடு எதிலும் அதைப் பார்த்ததில்லை. அது வரும்போது வரட்டும். உங்கள் விளம்பரப் பிரிவு, பழைய வீடு விற்கிறவர்களிடம் கடைசி வெயில் கால பில்லின் யூனிட்டையும் குடியிருந்தவர்களின் எண்ணிக்கையையும் கேட்டு, சதுர அடிக்குப் பக்கத்தில் ஒரு வரியாகப் போட முடியுமா? அந்த வரிக்குத் தனிக் கட்டணம் வாங்காமல் இருந்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
வயர்மேன் வாசகர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்