நான்-டீடெய்லைக் கதையாகவே விடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பன்னிரண்டு வகுப்பு ஆங்கிலம் படித்தும் நம் பிள்ளைகளால் நான்கு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேச முடியவில்லை என்று தங்கள் இதழில் வந்த கட்டுரை ஆதங்கப்பட்டிருந்தது. அந்த ஆதங்கம் எனக்கும் உண்டு. ஆனால் இலக்கணப் பயிற்சியை இன்னும் கூட்ட வேண்டும் என்ற யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவள் என்பதால் சொல்கிறேன்: நம் வகுப்புகளில் இலக்கணத்துக்குப் பஞ்சமே இல்லை. பிள்ளைகள் காதால் கேட்டு, கண்ணால் படித்து, பொருள் புரிந்து ரசிக்கும் ஆங்கிலத்துக்குத்தான் பஞ்சம். அதைப் போக்கும் வழி பாடநூலின் துணைப்பாடக் கதைகளிலேயே இருக்கிறது.

1980-களின் தொடக்கத்தில் பிஜித் தீவுகளின் கிராமப் பள்ளிகளில் வார்விக் எல்லி, பிரான்சிஸ் மங்குபாய் என்ற ஆய்வாளர்கள் செய்து பார்த்த சோதனை நம் ஊருக்கு அப்படியே பொருந்தும். அங்கும் ஆங்கிலம் வீட்டு மொழி அல்ல. பள்ளிகளில் புத்தகங்களும் மிகக் குறைவு. எட்டுப் பள்ளிகளின் 4, 5-ஆம் வகுப்புகளுக்குள் படங்கள் நிறைந்த ஆங்கிலக் கதைப் புத்தகங்களைக் கொண்டுபோய்க் குவித்தார்கள். சில வகுப்புகளில் ஆசிரியர் படத்தைக் காட்டிப் பேசி, உரக்க வாசித்து, பிள்ளைகளையும் கூடவே வாசிக்க வைத்தார். மற்றவற்றில் பிள்ளைகள் தினமும் சிறிது நேரம் தாமாகவே மௌனமாகப் படித்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க எடுத்துக்கொண்ட வேறு பள்ளிகளில் வழக்கமான பயிற்சி முறையே தொடர்ந்தது. எட்டு மாதம் கழித்துச் சோதித்தபோது, வாசித்துப் புரிந்துகொள்வதிலும் கேட்டுப் புரிந்துகொள்வதிலும் கதை வகுப்புப் பிள்ளைகள் இரண்டு மடங்கு வேகத்தில் முன்னேறியிருந்தார்கள். இருபது மாதம் ஆனபோது அந்த முன்னேற்றம் எழுத்துக்கும் பரவியிருந்தது. கதை வாசிப்பால் எழுத்தும் மேம்பட்டது என்பதை ஆசிரியர்கள் நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும்.

நம்மிடம் கதை இல்லாமல் இல்லை. ஆங்கிலப் பாடநூலில் துணைப்பாடம், நாம் நான்-டீடெய்ல் என்று சொல்வது, கதைக்காகவே ஒதுக்கப்பட்ட பகுதி. அதை என்ன செய்து வைத்திருக்கிறோம்? பத்தாம் வகுப்புத் தேர்வில் கதையின் வாக்கியங்களைக் கலைத்துப் போட்டு வரிசைப்படுத்தச் சொல்கிறோம். குறிப்புகளைக் கொடுத்துப் பத்தி எழுதச் சொல்கிறோம். உடனே கைடு வந்துவிடுகிறது. கதையை ஒருமுறைகூட முழுதாக வாசிக்காமல், வாக்கிய வரிசையை மட்டும் மனப்பாடம் செய்து முழு மதிப்பெண் வாங்கிய மாணவர்களை எனக்குத் தெரியும். கெட்டிக்காரப் பிள்ளைகள்தாம், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கதையில் அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவலைத் தேர்வு தின்றுவிட்டது.

கேட்பதாலும் படிப்பதாலும் மட்டுமே எல்லாம் வந்துவிடும் என்று நான் வாதாடவில்லை. கனடாவில் 1965-இல் தொடங்கிய பிரெஞ்சு வழிக் கல்வியில் படித்த, வீட்டில் ஆங்கிலம் பேசும் குழந்தைகள் பிரெஞ்சை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். ஆனால் பேச்சிலும் எழுத்திலும் பிழைகள் நீடித்தன. பேசவும் எழுதவும் வாய்ப்பு வேண்டும் என்று மொழி கற்றலை ஆராய்ந்த கனடியப் பேராசிரியை மெரில் ஸ்வெயின் வலியுறுத்தியது அதைப் பார்த்துத்தான். இலக்கணமும் வரட்டும். சொல்லிக்கொடுக்கும் விதி ஒட்டிக்கொள்ள, பிள்ளையின் தலைக்குள் முதலில் கொஞ்சம் மொழி இருக்க வேண்டும் அல்லவா?

ஆகவே ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலாவது துணைப்பாடத்தை வினாத்தாளிலிருந்து எடுத்துவிட வேண்டும். அந்தப் பாடவேளையில் ஆசிரியர் உரக்க வாசிக்கட்டும், படம் வரையட்டும், நடித்துக் காட்டட்டும். புரியாத இடத்தில் தமிழில் ஒரு சொல் சொன்னால் குடி முழுகிவிடாது. புத்தகங்கள் பாடநூலைவிட எளிதாக இருப்பது அவசியம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கான புத்தகத்தை எட்டாம் வகுப்பில் கொடுப்பது கௌரவக் குறைச்சல் அல்ல. வாசிப்பு இயக்கத்தின் மூலம் தமிழில் சிறு சிறு கதைப் புத்தகங்களைப் பள்ளிகளுக்கு வழங்கிய அரசால் ஆங்கிலத்திலும் அதைச் செய்ய முடியும்.

தங்கள் இதழ் இந்தக் கோரிக்கையைப் பாடத்திட்டம் வகுப்பவர்களின் பார்வைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியை,
மன்னார்குடி