கஜாவின் கணக்கில் விடுபட்ட கூலித் தொழிலாளர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழையை எதிர்கொள்ள வாய்க்கால்கள் தூர்வாரப்படுவதையும், மணல் மூட்டைகள் அடுக்கப்படுவதையும், புயல் பாதுகாப்பு மையங்களில் மின்னாக்கிகள் சரிபார்க்கப்படுவதையும் பற்றிய செய்திகள் இந்நாள்களில் தங்கள் நாளிதழில் தொடர்ந்து வந்துகொண்டிருக்கின்றன. வேதாரண்யம் வட்டத்தில், கோடியக்காட்டை அடுத்த சிற்றூர் ஒன்றில் வாழும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன் நான். அச்செய்திகளில் இதுவரை இடம்பெறாத ஒரு முன்னேற்பாட்டைத் தங்கள் வழியாக அரசின் கவனத்துக்கும் வாசகர்களின் கவனத்துக்கும் கொண்டுவர விரும்புகிறேன். புயல் அடித்தால் அன்றாடக் கூலியை இழக்கப்போகிறவர்கள் யார் யார் என்ற பட்டியல், புயல் வருவதற்கு முன்பே ஒவ்வொரு கடலோர ஊரிலும் எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதை விளக்க, 2018 நவம்பர் 16 அதிகாலைக்குத் திரும்பிச் செல்ல வேண்டியிருக்கிறது. கஜா புயல் அன்று நள்ளிரவுக்குப் பின் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே, மணிக்கு ஏறத்தாழ 120 கிலோமீட்டர் வேகக் காற்றுடன் கரையைக் கடந்தது. நாங்கள் பள்ளிக்கூடக் கட்டடத்தில் தங்கவைக்கப்பட்டிருந்தோம். முதலில் வாடைக் காற்று பல மணிநேரம் சுழன்றடித்தது; பிறகு திடீரென்று எல்லாம் ஓய்ந்து, பக்கத்தில் இருப்பவர் மூச்சுவிடும் ஓசைகூடக் கேட்கும் அளவுக்கு அமைதி நிலவியது. புயல் போய்விட்டது என்று நினைத்து, கட்டிவைத்த மாட்டைப் பார்த்துவர எழுந்த இளைஞர்களை, 1952-ஆம் ஆண்டுப் புயலைச் சிறு வயதில் கண்ட ஒரு பெரியவர் வாசலில் மறித்து உட்கார்ந்துகொண்டு, "இனிமேல்தான் தெற்கே இருந்து வரும், யாரும் போகாதீர்கள்" என்று தடுத்தார். அவர் சொன்னபடியே சிறிது நேரத்தில் தென்திசையிலிருந்து காற்று வீசியது. வாடையில் சாய்ந்தும் சாயாமலும் நின்ற மரங்களை அந்த இரண்டாவது காற்றுதான் வேரோடு புரட்டிப் போட்டது.

உயிர்களைக் காப்பதில் நம் மாநிலம் வெகுதொலைவு வந்திருக்கிறது என்பதை நன்றியோடு ஒப்புக்கொள்கிறேன். 2004 ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,065 பேரை இழந்தோம். கஜா வந்தபோது 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்கூட்டியே முகாம்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டிருந்தார்கள். வானிலை எச்சரிக்கை வந்த வேகமும், கிராம அளவில் அலுவலர்கள் வீடு வீடாக வந்து அழைத்ததும் இல்லாமல் இருந்திருந்தால் எங்கள் ஊரில் எத்தனை வீடுகளில் இழவு விழுந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே மனம் அஞ்சுகிறது. ஆனால் முகாமிலிருந்து உயிரோடு வீடு திரும்பியவர்கள் அதன்பின் எப்படிப் பிழைத்தார்கள் என்ற கேள்விக்கு நம்மிடம் இத்தகைய ஏற்பாடு எதுவும் அன்று இல்லை, இன்றும் இல்லை.

விடிந்ததும் நாங்கள் கண்ட முதல் அதிர்ச்சி மரங்கள். இரண்டாவது, கடல் கொண்டுவந்து கொட்டிய சேறு. வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை வரையிலான கரை நெடுகிலும், மணல் இருந்த இடமே தெரியாதபடி, கருஞ்சேறு அடிக்கணக்கில் படிந்து கிடந்தது. ஆறுகாட்டுத்துறையில் நிறுத்தியிருந்த படகுகள் அந்தச் சேற்றில் புதைந்து, இழுத்தால் உடையும் நிலையில் நின்றன. கோடியக்கரையில் அக்டோபர் முதல் மார்ச் வரை மீன்பிடிக்கும் பருவம். வெளியூர் மீனவர்கள் பலரும் படகுகளோடு வந்து தங்கும் காலம். பருவம் தொடங்கிய சில வாரங்களிலேயே புயல் வந்துவிட்டதால், படகுக்காரர்களோடு சேர்த்து, மீன் தரம் பிரிப்பவர்கள், ஐஸ் உடைப்பவர்கள், கருவாடு காயவைக்கும் பெண்கள் ஆகியோரின் ஆறு மாத வரும்படி ஒரே இரவில் போயிற்று.

அதே சேறு உப்பளங்களுக்குள்ளும் புகுந்தது. அகஸ்தியம்பள்ளி, கோடியக்காடு, கடினல்வயல் ஆகிய பகுதிகளில் சுமார் 9 ஆயிரம் ஏக்கரில் உப்பு விளைகிறது. தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்த இடம் எங்களுடையது. உப்பளத்தை அறியாத வாசகர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். உப்புப் பாத்தியின் தரை வெறும் மண் தரை அன்று. தை மாதத்தில் மழைநீரை வடித்து, வரப்பு எடுத்து, களிமண்ணைக் காலால் மிதித்து மிதித்து நீர் கீழே இறங்காதபடி கெட்டிப்படுத்திய பிறகே அதில் நீர் கட்டுவார்கள். அந்தத் தரை சரியாக அமைந்தால்தான் உப்பு வெள்ளையாக விளையும். கடற்சேறு அதன்மேல் படிந்தபோது, மனிதக் கால்களால் ஆண்டுக்கணக்கில் பண்படுத்தப்பட்ட தரை கெட்டுப்போயிற்று. பனை மட்டையும் தார்ப்பாயும் போட்டு மூடிவைத்திருந்த உப்பு அம்பாரங்களோ, மூடியது பறந்து, மழையிலும் கடல்நீரிலும் கரைந்தன. வழக்கமாகத் தை மாதம் வேலைக்குக் கூப்பிடும் உப்பளங்கள் பல அந்த ஆண்டு எங்கள் ஊராரைக் கூப்பிடவே இல்லை. 1930-இல் இராஜாஜி திருச்சிராப்பள்ளியிலிருந்து நடந்துவந்து உப்பு அள்ளிய மண் இது. அந்த நினைவுத்தூணுக்கு ஆண்டுதோறும் மாலை அணிவிக்கிறோம். அதே மண்ணில் இன்று உப்பு அள்ளுகிறவர்களின் கதி என்ன என்றும் அந்நாளில் யாரேனும் விசாரித்தால் நன்றாக இருக்கும்.

புயலுக்குப் பின் கணக்கெடுப்பு தொடங்கியது. விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாயும், அதை வெட்டி அகற்ற 500 ரூபாயும் ஆக 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்தது. இறந்த பசுவுக்கு 30 ஆயிரம், ஆட்டுக்கு 3 ஆயிரம் என்று அன்றைய விதிப்படி இழப்பீடு இருந்தது. வீடு, படகு, வலை, நெல், வாழை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை இருந்தது. கோடியக்கரைச் சரணாலயத்தில் இறந்த வெளிமான்களும் மட்டக்குதிரைகளும்கூட எண்ணப்பட்டன. அவை எண்ணப்பட்டது சரியே. தென்னை வைத்திருந்தவருக்குக் கிடைத்த தொகை அவர் இழந்ததில் சிறு பங்குகூட ஆகாது என்பதையும் நான் அறிவேன். ஆயினும் எண்ணப்பட்டவை யாவும் ஒருவருக்குச் சொந்தமாக இருந்த பொருள்கள் என்பதைக் கவனிக்குமாறு வேண்டுகிறேன். அந்தத் தென்னையில் ஏறித் தேங்காய் பறித்தவர், அந்தத் தேங்காயை உரித்தவர், மட்டையை முடைந்து கீற்றாக்கி விற்ற பெண், இவர்களுக்கு மரம் சொந்தமில்லை. ஆகவே மரம் விழுந்ததில் அவர்களுக்கு இழப்பு எதுவும் இல்லை என்று கணக்கு முடிந்துவிட்டது. தென்னங்கன்று ஊன்றிக் காய்ப்புக்கு வர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். அத்தனை ஆண்டுகளும் அவர்களுக்கு வேலை இல்லை.

எங்கள் தெருவில் உப்பளத்தில் தலைச்சுமை வேலை செய்யும் ஒரு தாய் இருக்கிறார். கணவரை இழந்தவர், இரண்டு பிள்ளைகளையும் என்னிடம்தான் படிக்கவைத்தார். கணக்கெடுக்க வந்த அலுவலர் அவரிடம் பட்டா கேட்டார், இல்லை. படகுப் புத்தகம் கேட்டார், இல்லை. மாடு ஆடு கேட்டார், அவையும் இல்லை. கூரை போனதற்கு மட்டும் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். அந்த அலுவலரை நான் குறைசொல்லவில்லை; அவர் கையில் இருந்த படிவத்தில் என்ன கட்டங்கள் இருந்தனவோ அவற்றைத்தான் அவர் நிரப்ப முடியும். "எனக்கு வேலை போச்சுன்னு எழுதிக்குங்க சார்" என்று அந்தத் தாய் அவர் பின்னாலேயே தெருமுனை வரை நடந்ததை என் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நான் எழுந்து போய்ப் பேசியிருக்க வேண்டும்; பேசவில்லை என்பது இன்றும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது. கூரைக்கு வந்த பணம் அரிசிக்கும், குடிநீர்த் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வாடகைக்கு எடுத்த ஜெனரேட்டருக்குத் தெருவார் பிரித்துக்கொண்ட பங்குக்கும், மருந்துக்குமாகக் கரைந்தது. மின்கம்பங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் சாய்ந்து கிடந்த அந்த வாரங்களில் தண்ணீர்கூட விலைக்கு வாங்கும் பொருளாக இருந்தது. மூத்த மகன் பதினோராம் வகுப்பை நடுவில் விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் போனான். அவன் திரும்பிப் பள்ளிக்கு வரவே இல்லை.

இப்படிப்பட்டவர்கள் எங்கள் வட்டத்தில் எத்தனை பேர் என்பதை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் எளிதில் உணர மாட்டார்கள். முல்லைத் தோட்டங்களில் பொழுது விடியும் முன்பே இறங்கி, அரும்பு விரிவதற்குள் பறித்து, எடைக்குக் கூலி வாங்கும் பெண்கள் இருக்கிறார்கள். கொடி அழுகினால் தோட்டக்காரருக்கு நட்டம் எழுதப்படும், பறிப்பவருக்கு எழுதப்படாது. புஷ்பவனத்திலும் செம்போடையிலும் மாமரங்கள் விழுந்தபோது, மாங்காய்ப் பருவத்தை நம்பியிருந்த பறிகூலிகளும் கூடை பின்னுகிறவர்களும் விழுந்தார்கள். படகின் உரிமையாளருக்கு இழப்பீடு வந்தது. அதில் பங்குக்குப் போகும் தொழிலாளி படகு புதுப்பிக்கப்படும் வரை கரையில் உட்கார்ந்திருந்தார்.

வாழ்வாதாரம் கடுமையாகப் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு உதவித்தொகை வழங்கப் பேரிடர் நிவாரண விதிகளில் இடம் இருக்கிறதே என்று விவரம் அறிந்தவர்கள் கேட்கலாம். உண்மைதான், இருக்கிறது. ஆனால் பாதிக்கப்பட்டவர் என்று எதை வைத்து முடிவு செய்வது? விழுந்த மரத்தைப் படம் பிடிக்கலாம், உடைந்த படகைத் தொட்டுப் பார்க்கலாம். போன வேலையை எப்படிக் காட்டுவது? புயலுக்குப் பிறகு ஒருவர் வந்து "நான் உப்பளத் தொழிலாளி" என்று சொன்னால் நம்பலாமா கூடாதா என்ற ஐயம் அலுவலருக்கு எழுவது இயல்பு. ஐயம் எழுந்த இடத்தில் உதவி நின்றுவிடுவதும் வழக்கம். உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்கால உதவியாக 5,000 ரூபாய் வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு அண்மை ஆண்டுகளில் கொண்டுவந்ததை மனமாரப் பாராட்டுகிறேன். அதிலும்கூட, உரிய அட்டை இல்லாத காரணத்தால் அதைப் பெறாதவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்களை வேலைக்கு எடுப்பவர் அவர்கள் பெயரைப் பதிந்து வைப்பதில்லை. பதிவு இல்லாததால் அட்டை இல்லை.

ஆகவேதான் பட்டியல் முன்கூட்டியே வேண்டும் என்கிறேன். இதற்குப் புதிய சட்டமோ பெரிய செலவோ தேவையில்லை. அக்டோபர் 2 அன்று எல்லா ஊராட்சிகளிலும் கிராம சபை கூடுகிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்க ஏறத்தாழ இரண்டு மூன்று வாரங்களே இருக்கும் நாள் அது. அதற்கு முந்தைய வாரங்களில் தெருவாரியாக, இந்த வீட்டில் இன்னார் இன்ன வேலை செய்கிறார், ஆண்டில் எந்த மாதங்களில் செய்கிறார், யாரிடம் செய்கிறார் என்று எழுதி, அதைக் கிராம சபையில் எல்லோர் முன்னிலையிலும் வாசித்தால், பொய்யாகச் சேர்த்த பெயரை ஊராரே சொல்லிவிடுவார்கள். விடுபட்ட பெயரையும் ஊராரே சொல்வார்கள். நகராட்சிப் பகுதிகளில் இதையே பகுதி சபைகளில் செய்யலாம். எங்கள் ஊரில் யார் உப்பளத்துக்குப் போகிறார், யார் பூப்பறிக்கப் போகிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அது தாளில் ஏறாததுதான் குறை. வாசிக்கப்பட்ட பட்டியலின் படி ஒன்று ஊராட்சி அலுவலகத்திலும், ஒன்று வட்டாட்சியர் அலுவலகத்திலும், ஒன்று புயல் பாதுகாப்பு மையத்திலும் இருந்தால், கணக்கெடுப்புக்கு வருபவர் புதிதாக யாரையும் நம்பவோ நம்பாமல் இருக்கவோ வேண்டியதில்லை.

அதோடு இன்னொரு வேண்டுகோள். புயலுக்குப் பின் உப்பளங்களில் சேறு வாரவும், விழுந்த மரங்களை அகற்றவும், வடிகால்களைத் திறக்கவும் ஏராளமான வேலை இருந்தது. ஆனால் அதில் பெரும்பகுதி வெளியிலிருந்து வந்த இயந்திரங்களுக்கே போயிற்று. அவசரம் கருதிச் சாலைகளுக்கு இயந்திரம் வேண்டும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் சிறு உற்பத்தியாளர்கள் குத்தகைக்கு எடுத்து நடத்தும் பாத்திகளில் சேறு வாரும் வேலையை, அரசின் கூலியோடு, அந்தப் பாத்திகளின் தொழிலாளர்களுக்கே முதல் இரண்டு மாதங்களுக்குக் கொடுத்திருந்தால், பாத்தியும் விரைவில் பயனுக்கு வந்திருக்கும், அந்த மகனும் பள்ளியை விட்டுப் போயிருக்க மாட்டான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எந்தச் சேற்றை எவ்வளவு ஆழம் வார வேண்டும், எங்கே நிறுத்தினால் பழைய கெட்டித் தரை கிடைக்கும் என்பது அவர்கள் காலுக்குத் தெரியும்.

கஜாவுக்குப் பின்னும் நிவர், புரெவி, பெஞ்சல் என்று புயல்கள் இந்தக் கரையை நெருங்கியோ தொட்டோ போயிருக்கின்றன. பெருமழை பெய்யும் ஆண்டுகளில் எல்லாம் கடைமடையில் இருக்கும் எங்கள் பாத்திகள் மூழ்குகின்றன, வேலை தொடங்கும் நாள் தள்ளிப்போகிறது. எங்கள் தெருவிலும் அடுத்த இரண்டு தெருக்களிலும் உள்ள குடும்பங்களின் தொழில் விவரத்தை, பழைய மாணவர்கள் சிலரின் உதவியோடு ஒரு நோட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். முதல் பக்கத்தில் அந்தத் தாயின் பெயர் இருக்கிறது. வரும் அக்டோபர் 2 அன்று அதைக் கிராம சபையில் வாசிக்க அனுமதி கேட்டு மனு கொடுத்துள்ளேன். மற்றக் கடலோர ஊர்களில் இருக்கும் ஆசிரியர்களும் இளைஞர்களும் தங்கள் தெருக்களுக்கு இதைச் செய்ய முன்வந்தால், நாங்கள் பயன்படுத்தும் படிவத்தின் மாதிரியைத் தங்கள் நாளிதழ் வழியாக அனுப்பித் தர ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
வேதாரண்யம் வட்டம், நாகப்பட்டினம் மாவட்டம்.