அல்பினோ என்று மட்டும் எழுதி விற்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் வளர்க்கும் ஊர்வன பற்றிச் சென்ற வாரம் வந்த கட்டுரையை வாசித்தேன். லெப்பேட் கெக்கோ பற்றித் தமிழில் ஒருவர் எழுதியதே சந்தோசம்தான். ஆனால் ஒரு பந்தியில், முட்டை வைக்கும் பெட்டியின் சூட்டைக் கூட்டிக் குறைத்தால் விரும்பிய நிறத்தில் குஞ்சு எடுக்கலாம், இரண்டு நிறங்களைச் சோடி சேர்த்தால் புது நிறம் வரும் என்று இருந்தது. அதை நம்பி யாராவது சில நூறு டொலரைக் கொட்டிவிடப் போகிறார்களே என்றுதான் எழுதுகிறேன். நான் அப்படிக் கொட்டினவன்.

பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை: லெப்பேட் கெக்கோ பல்லி வகைதான், ஆனால் சுவரில் ஓடுகிற நம் வீட்டுப் பல்லி இல்லை. விரலில் ஒட்டுகிற திண்டு கிடையாது, நகம்தான். கண்ணை மூடித் திறக்கும். வால் கொழுப்பைச் சேர்த்து வைத்துக் கரட் கிழங்கு மாதிரித் தடித்திருக்கும். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியாவின் வடமேற்கு என்று வறண்ட பாறைப் பக்கத்துப் பிராணி.

சில வருடங்களுக்கு முன் ஆணை ஒரு ஊர்வனச் சந்தையிலும் பெண்ணை ஒரு கடையிலும் வாங்கினேன். இரண்டு பெட்டியிலும் "அல்பினோ" என்று ஒரே சொல். பார்க்கவும் அச்சொட்டாக ஒன்றுபோல இருந்தன: கறுப்பு என்பதே இல்லை, மஞ்சளும் வெளிர் கபிலமும்தான். ஏ.எல் உயிரியல் படித்த துணிவில், "இது பின்னிடைவு இயல்பு, பழுதான மரபணு இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும், இங்கே தாய் தகப்பன் இரண்டிலும் தெரிகிறது, அப்படியென்றால் குஞ்சு அத்தனையும் அல்பினோவாகத்தான் வரும்" என்று மனைவிக்கு விளக்கம் வேறு கொடுத்தேன்.

முட்டை இரண்டு இரண்டாகத்தான் இடும். கோழி முட்டை போல கெட்டி ஓடு இல்லை, தோல் மாதிரி இருக்கும். இட்ட பிறகு உருட்டிவிடக் கூடாது என்பதால் மேல்பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, வேர்மிகுலைட் என்ற ஈரம் பிடிக்கும் கனிமத் துகளில் பாதி புதைத்து, பெட்டியில் வைத்துவிட்டு நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். 54ஆம் நாள் முட்டை வியர்த்து ஒரு பக்கம் குழிந்துபோயிருந்தது. பழுதாகிவிட்டதென்று நினைத்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் ஒரு கீறல், கீறலுக்குள் ஒரு மூக்கு. அந்த மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு மத்தியானம் வரைக்கும் அப்படியே கிடந்தது. வெளியே வந்ததும் நான் கையை நீட்ட, என் சுட்டுவிரல் நீளம்கூட இல்லாதது வாயைப் பிளந்து கிறீச்சிட்டது. மேற்குப் பக்கமாகப் பார்த்துச் சொன்னதால் என்ன பலன் என்று மாமியார் பஞ்சாங்கத்தை எடுக்கப் போனார்.

பலன் என்னவோ எனக்குத்தான். குஞ்சின் உடம்பில் மை பூசினதுபோல் பட்டை: மஞ்சள், கறுப்பு, மஞ்சள், கறுப்பு. காட்டில் பொரிக்கிற குஞ்சு எப்படியிருக்குமோ அதே மாதிரி. அந்த வருடம் பத்து முட்டை, எட்டுக் குஞ்சு, ஒன்றுகூட அல்பினோ இல்லை. கடைக்காரரிடம் போய்க் கேட்டால் "பெட்டியில் சூடு பிழைத்திருக்கும்" என்றார். உங்கள் கட்டுரையாளர் சொன்ன அதே கதை.

உண்மை என்னவென்றால், லெப்பேட் கெக்கோவில் அல்பினோ ஒன்றில்லை, மூன்று. ட்ரெம்பர், ரெயின்வோட்டர், பெல் என்று அமெரிக்க வளர்ப்பாளர்களின் பெயரிலேயே அவை வழங்குகின்றன. மூன்றும் பின்னிடைவு, மூன்றும் பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்று, ஆனால் பழுதான மரபணு மூன்றிலும் வேறு. ரசம் வைக்க ஒரு வீட்டில் புளி இல்லை, மற்ற வீட்டில் மிளகு இல்லை என்று வையுங்கள். இரண்டு வீட்டிலும் தனியாக ரசம் கொதிக்காது. பிள்ளைக்கு அங்கேயிருந்து மிளகும் இங்கேயிருந்து புளியும் வந்துவிட்டால் அதன் வீட்டில் ரசம் தாராளமாகக் கொதிக்கும். என் எட்டுக் குஞ்சிலும் நடந்தது அதுதான். ட்ரெம்பர் தகப்பனின் பழுதைத் தாய் தந்த நல்ல மரபணுப் பிரதி மூடிவிட்டது, பெல் தாயின் பழுதைத் தகப்பன் தந்தது மூடிவிட்டது. கறுப்பு திரும்பி வந்துவிட்டது.

தாய் பெல் என்று எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். சந்தையில் ஆணை விற்றவர் குறிப்புப் புத்தகம் வைத்திருந்தார், அது ட்ரெம்பர் என்று உடனே சொல்லிவிட்டார். பெண்ணுக்கு எந்தத் தாளும் இல்லை. அடுத்த வருடம், பெல் என்று உறுதியாகத் தெரிந்த ஓர் ஆணை நண்பரிடம் இரவல் வாங்கிச் சேர்த்தேன். பொரித்த ஆறும் அல்பினோ. அதோடு பிரச்சினை தீர்ந்தது.

இதில் பெரிய தொல்லை எனக்கு வந்த ஏமாற்றம் இல்லை. அந்த எட்டும் வெளியே சாதாரணம், உள்ளே இரண்டு பழுதையும் சுமக்கின்றன. இந்த வட்டாரத்தில் அதை "ஹெட்" என்பார்கள். இவற்றை ஒன்றோடொன்று சேர்த்தால் ஏட்டுக் கணக்கில் 16க்கு 9 சாதாரணம், 7 அல்பினோ. அந்த ஏழில் எது ட்ரெம்பர், எது பெல், எது இரண்டும் என்று கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்வது நடக்காத காரியம். அதை ஒருவர் மறுபடியும் "அல்பினோ" என்று மட்டும் எழுதி விற்பார், என்னைப் போல இன்னொருவர் வாங்குவார்.

சரி, சூட்டுக்கு வேலையே இல்லையா? இருக்கிறது, ஆனால் கட்டுரையில் சொன்ன வேலை இல்லை. சூடு முதலில் தீர்மானிப்பது ஆணா பெண்ணா என்பதை. 26 பாகை செல்சியஸ் அளவில் வைத்தால் பெரும்பாலும் பெண், 32, 33 அளவில் பெரும்பாலும் ஆண், 34ஐத் தாண்டினால் வேடிக்கையாக மறுபடியும் பெண் கூடும். நிறத்தில் அது சாயலைத்தான் மாற்றும். குளிர்ச்சியில் பொரித்த ட்ரெம்பர் குஞ்சு சொக்லட் கபிலமாக வரலாம், சூட்டில் பொரித்தது வெளிறி வரும். இரண்டுமே ட்ரெம்பர்தான். இல்லாத மரபணுவை எந்தப் பெட்டியும் அவித்து எடுக்காது.

குஞ்சின் படத்தைப் பார்த்து வாங்குவதும் இதே ரகம். பட்டை எல்லாம் ஒரு வருடத்துக்குள் உடைந்து புள்ளியாகிவிடும். "மாக் ஸ்னோ" என்ற வகை கறுப்பு வெள்ளையாகப் பொரிக்கும், வளர வளர மஞ்சள் ஏறும், வாங்கினவர் ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போவார். அது ஏமாற்று இல்லை, அதன் சுபாவம். இரண்டு மாக் ஸ்னோவைச் சேர்த்தால் நாலில் ஒன்று "சுப்பர் ஸ்னோ" வரும், கண் முழுக்கக் கறுத்து. இந்தக் கணக்கு நேர்மையான கணக்கு.

இனி நான் உண்மையில் கோபப்படுகிற இடம். புது நிறம் என்று ஆசை காட்டி எழுதினீர்களே, "லெமன் ஃப்ரொஸ்ட்" என்ற நிற வகை பற்றி ஒரு வரி போட்டிருக்கலாம். வெள்ளை அடித்தளத்தில் எலுமிச்சை மஞ்சள் எரிகிற மாதிரி அப்படியொரு அழகு. ஒரே ஒரு பிரதி போதும், நிறம் தெரியும், அதனால் வேகமாகப் பெருக்கினார்கள். பிறகு தோலில் வெள்ளைக் கட்டிகள் வரத் தொடங்கின. லொஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் லொங்ஹுவா குவோவும் லியோனிட் குருக்லியாக்கும் சேர்ந்தவர்கள் ஆராய்ந்து 2021இல் வெளியிட்டார்கள்: நிறத்துக்கும் கட்டிக்கும் காரணமாக அவர்கள் சுட்டியது ஒரே மரபணுவை, ஸ்பின்ட்1. வெள்ளையைக் காட்டுகிற கலங்கள் அடங்காமல் பெருகுவதுதான் அழகு, அதுவே புற்றுநோய். அந்த மரபணுவைச் சுமந்தவற்றில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் கட்டி வந்தது. நிறத்தை வைத்துக்கொண்டு நோயைக் கழிப்போம் என்று பலர் நல்ல இரத்தத்தோடு கலந்து பார்த்தார்கள். ஒன்றே இரண்டாகத் தெரிகிறபோது எதைக் கழிப்பது? "எனிக்மா" வகையும் கிட்டத்தட்ட இப்படித்தான்: புள்ளிக்கோலம் அபாரம், ஆனால் தலை சாய்ந்து வட்டம் வட்டமாகச் சுற்றும், முன்னால் நிற்கிற பூச்சியைக் கவ்வப் போய் மண்ணைக் கவ்வும். அதைப் பார்த்துச் சிரித்த ஒரு வீடியோ எனக்கும் வந்தது, அனுப்பியவரோடு இரண்டு நாள் கதைக்கவில்லை.

ஆகவே வாங்கப்போகிற வாசகர்களுக்கு: எந்த அல்பினோ, தாய் தகப்பன் எவை, பொரித்த திகதி என்ன, ஹெட் என்றால் எதற்கு ஹெட் என்று கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள். சூட்டைக் காரணம் சொல்கிறவரிடம் வாங்காமல் திரும்பி வாருங்கள்.

அந்த எட்டில் ஏழு குஞ்சுகளை "ட்ரெம்பர், பெல் இரண்டுக்கும் ஹெட், சோடி சேர்க்க வேண்டாம்" என்று பெட்டியில் எழுதித் தெரிந்த பிள்ளைகளுக்குச் சும்மா கொடுத்தேன். சாதாரணப் பல்லிக்கு ஏன் இவ்வளவு எழுத்து என்று ஒருவர் கேட்டார். எட்டாவது மாமியாரின் அறையில் இருக்கிறது, பலன் பார்ப்பதை இன்னும் நிறுத்தவில்லை. அடுத்த இதழில் அந்தப் பந்தியை மட்டும் திருத்திப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஸ்காபரோ, ரொறன்ரோ